புள்ளி வைத்த சீட்டு

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் பழைய நடுகற்கள் கிடைத்தன. ஒன்று, கூடலூர் ஆநிரைச் சண்டையில் மாண்ட அந்தவனுக்கு நட்ட கல். எழுதியது தமிழ்தான், ஆனால் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. அறிஞர்கள் வந்துதான் படிக்க முடிந்தது! ஓலையில் எழுதியவர்களும், கிழிந்துவிடும் என்று புள்ளியை விட்டார்கள்.

யூதரின் எபிரேய மொழியில் உயிரொலியைக் காட்டப் புள்ளியும் கோடும் உண்டு. பத்திரிகைகள் அவற்றைப் பெரும்பாலும் போடுவதில்லை. குழந்தைப் புத்தகத்தில் போடுகிறார்கள். அது நியாயம். படிக்கத் தொடங்குகிறவருக்குத் துணை வேண்டாமா?

கம்பத்திலிருந்து ஏலத்தோட்டக் கூலிக்குப் போகிறவர் கையில், 'கட்டியது இல்லை பாக்கி' என்று ஒரு கடன் சீட்டு வந்தால்? 'கட்டியது. இல்லை பாக்கி' என்றால் கடன் தீர்ந்தது. 'கட்டியது இல்லை. பாக்கி' என்றால் வாரக் கூலி போயிற்று! சீட்டை வாங்கும்போதே, "புள்ளி வைத்துக் கொடுங்கள், ஐயா" என்று கேட்டு வாங்க வேண்டும்.