ட்யூப் ஆம்ப் வாங்கினால்தான் பாட்டு பதிவாகுமா?

"ட்யூப் ஆம்ப்லதான் உயிர் இருக்கு, டிஜிட்டல் எல்லாம் பொம்மை!" கிடார் கற்கும் பையன்களுக்கு அடிக்கடி கிடைக்கும் உபதேசம் இது. பாதிதான் உண்மை.

பழைய வால்வு ரேடியோவுக்குள் சிவப்பாக மினுங்குமே, அதே கண்ணாடிக் குழல்தான் ட்யூப். சத்தத்தைக் கூட்டக் கூட்ட அது திணறும். அந்தத் திணறல்தான் ராக் இசையின் அழகான கரகரப்பு. ஆனால் 30 வாட் வாக்ஸ் ஏசி30 அப்படித் திணறும்போது பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

சரி, ஒலிப்பதிவுக்கு வருவோம். பதிவில் கேட்பவர் காதுக்குப் போவது, ஸ்பீக்கர் முன்னால் வைத்த மைக் பிடித்தது மட்டுமே. 1998-ல் வந்த லைன் 6 பாட் அதைத்தான் கணக்குப் போட்டுப் போலி செய்தது. 2011-ல் அறிமுகமான கெம்பரோ, நிஜ ஆம்பை மைக் வழியாகக் கேட்டு அதன் குணத்தையே நகலெடுத்துக்கொள்கிறது. இன்று பாட்டுக்குள் கலந்தபின் வித்தியாசம் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

வாசிப்பவருக்கு மட்டும் ஒரு நஷ்டம் உண்டு. ஸ்பீக்கர் தள்ளும் காற்று கிடார் கம்பியையே திரும்ப அதிர வைக்கும் சுகம் ஹெட்போனில் வராது. அதுவும் ட்யூபின் மாயமல்ல, சத்தத்தின் மாயம்!

ஆகவே காசு மெதுவாகச் சேரட்டும். அதுவரை பாட்டு ஏன் காத்திருக்க வேண்டும்?