15 ஆண்டு கடந்த டிராக்டர்: எல்லைக் கிராமங்களில் மாறிவரும் கணக்கு

கோட்டுகால் (நெய்யாற்றின்கரை): புதிய டிராக்டர்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதன் தாக்கம் பழைய டிராக்டர் பேரத்திலும் எதிரொலிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த இந்த மாற்றத்தின்படி, வரிக்கு முந்தைய விலை 6 லட்சம் ரூபாயாக உள்ள டிராக்டருக்கு 72 ஆயிரம் ரூபாயாக இருந்த வரி 30 ஆயிரமாகிறது. புதியதன் விலை 42 ஆயிரம் ரூபாய் இறங்கியிருக்கையில், பழையதற்கு முந்தைய விலையையே விற்பவர் கேட்பதில் நியாயம் இல்லை. டயர், டியூப், உதிரி பாகங்கள் மீதான வரியும் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகியுள்ளது. இதனால் பழைய வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டும் செலவும் குறைகிறது. ஆக, இந்த வரிக்குறைப்பு பழைய டிராக்டர் வாங்குவோருக்கு இரு வகையில் சாதகமானது.

எனினும் கோட்டுகால், பாறசாலை வட்டாரங்களில் முதல் கேள்வி விலை பற்றியதல்ல. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் ஒரு நிலவுடைமையின் சராசரி அளவு 0.18 ஹெக்டேர், அதாவது சுமார் 45 சென்ட். தமிழ்நாட்டில் இது 0.75 ஹெக்டேர், தேசிய சராசரி 1.08 ஹெக்டேர். ரோட்டவேட்டர் பூட்டிய ஒரு டிராக்டர் 45 சென்ட் நிலத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உழுது முடித்துவிடும். ஆண்டின் மீதி நாட்களில் அது அண்டை வயல்களில் வேலை செய்தாக வேண்டும். இல்லையெனில் முதலீடு கொட்டகையில் துருப்பிடிக்கும். எனவே இங்கு டிராக்டர் வாங்குபவர் விவசாயியாக மட்டுமன்றி, வாடகை உழவுத் தொழில் தொடங்குபவராகவும் ஆகிறார். அண்டை நிலங்களில் எத்தனை மணி நேர வேலை உறுதியாகக் கிடைக்கும் என்பதை எழுதிப் பார்த்த பின்னரே சந்தைக்குச் செல்ல வேண்டும்.

அந்த வேலையும் சுருங்கி வருகிறது. 1970-களில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த கேரளத்தின் நெல் பரப்பு இன்று 2 லட்சம் ஹெக்டேர் அளவில் உள்ளது. ஏலாக்கள் பலவும் வாழைக்கும் மரச்சீனிக்கும் மாறிவிட்டன. ஏத்தன் வாழை பெரும்பாலும் 2 மீட்டர் இடைவெளியில் நடப்படுகிறது. ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள 40 குதிரைத்திறன் டிராக்டர் அந்த வரிசைக்குள் நுழைந்தால் கன்றுகள் தப்பா. நடவுக்கு முந்தைய உழவு, டிரெய்லரில் எரு ஏற்றுதல், வயலில் சேற்றுழவு ஆகியவற்றுக்கு 35 முதல் 40 குதிரைத்திறன் பொருந்தும். வாழைக்கிடையே களையெடுப்பதுதான் முதன்மை வேலை என்றால் 18 முதல் 25 குதிரைத்திறன் கொண்ட குறுகிய டிராக்டரே உகந்தது. இரண்டுக்கும் போதிய வேலை இல்லாத இடத்தில் பவர் டில்லர் போதும். கேரள அரசு நிறுவனமான காம்கோ 1973-இல் தொடங்கப்பட்டு அவற்றைத் தயாரித்து வருகிறது.

வண்டியின் வயது குறித்து வீண் அச்சம் ஒன்று பரவியுள்ளது. 10 ஆண்டு ஆன டிராக்டர்களைக் கட்டாயமாக உடைக்க வேண்டும் என்று சமூக ஊடகங்களில் உலவிய செய்தியை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023-இல் மறுத்தது. வேளாண் டிராக்டர் போக்குவரத்து அல்லாத வாகனம். முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம் என்பதே விதி. 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகளும் வேளாண் டிராக்டரையும் பவர் டில்லரையும் விலக்கியே வைத்துள்ளன. ஆயினும் புதுப்பிப்பு தானாக நடப்பதில்லை. வண்டியை நேரில் காட்டி ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும். கட்டணமும் வண்டியின் வயதோடு கூடுகிறது.

உண்மையான சிக்கல் எல்லையில்தான் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குச் சென்றது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவும் சந்தையும் பிரியவில்லை, பதிவேடுகள் பிரிந்தன. களியக்காவிளைக்கு அப்பால் டிஎன் 74, டிஎன் 75 எண்களுடன் மலிவாகக் கிடைக்கும் டிராக்டர் கேரளத்தில் கேஎல் 20 அல்லது கேஎல் 19 ஆக மாற, தமிழக அலுவலகத்தின் தடையில்லாச் சான்று (படிவம் 28) வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வாகனத்துக்கு அம்மாநிலப் பதிவெண் பெறுவதும் கட்டாயம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடனில் வாங்கிய வண்டியானால் அடமானம் நீங்கியதற்கான படிவம் 35. பதிவுக் காலம் முடியும் தறுவாயில் உள்ள வண்டியை, விற்பவரே தமிழகத்தில் புதுப்பித்துத் தந்த பிறகு வாங்குவதே பாதுகாப்பானது. காலாவதியான பதிவுடன் எல்லையைக் கடந்த வண்டியின் உரிமையாளர் இரண்டு அலுவலகங்களுக்கிடையே அலைய நேரும்.

இயந்திரத்தைப் பொறுத்தவரை, வாங்குவோரின் கண் பெரும்பாலும் என்ஜினில் மட்டுமே பதிகிறது. புகையின் நிறம் பலருக்கும் தெரியும்: நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் காற்று வடிப்பானோ இன்ஜெக்டரோ பழுது. விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கக்கூடும் என்பதால், போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். பழைய என்ஜின்கள் இயந்திர முறை டீசல் பம்ப் கொண்டவை. அவற்றை ஊர் மெக்கானிக்கே பிரித்துச் சரிசெய்ய முடியும். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதி வந்தபின், மின்னணுக் கட்டுப்பாடு நுழைந்து அந்த எளிமை குறைந்துள்ளது.

என்ஜினைப் புதுப்பிக்க ஆகும் செலவை முன்கூட்டி மதிப்பிடலாம். கியர்பெட்டியும் பின் அச்சும் அப்படியல்ல. திறந்த பிறகே சேதம் தெரியும். சேற்றுழவில் பல ஆண்டு ஓடிய வண்டியில் சீல்கள் வழியே நீர் புகுந்திருக்கும். அடியிலுள்ள வடிகால் திருகைச் சற்றுத் தளர்த்தினால் வரும் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால், அந்த வண்டியை விட்டுவிடுவதே மேல். ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி என்ஜினை அணைத்துப் பார்க்க வேண்டும். அது விரைவாகக் கீழிறங்கினால் ஹைட்ராலிக் தளர்ந்துவிட்டது. பிரேக்கும் ஆயிலில் மூழ்கிய வகையாக இருந்தால் நீர் நிற்கும் வயலுக்கு நல்லது.

உழவு செய்த வண்டியா, மண்ணும் செங்கல்லும் இழுத்த வண்டியா என்பதையும் பிரித்தறிய வேண்டும். பின்டயரின் நடுப்பகுதி மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்து, டிரெய்லர் கொக்கித் துளை நீள்வட்டமாக விரிந்திருந்தால் அதன் வாழ்நாள் சாலையில் கழிந்தது என்று பொருள். மணிக் கணக்கு காட்டும் மீட்டர் எதைச் சொன்னாலும், இத்தேய்மானங்கள் பொய் சொல்வதில்லை.

எந்த நிறுவனத்தின் வண்டி என்பதில் சுவையைவிட உதிரி பாகமே முக்கியம். எச்எம்டி டிராக்டர்கள் உறுதியானவை என்ற பெயர் பெற்றவை. ஆனால் பிஞ்சோரிலுள்ள அந்தப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் அளித்தது. மறுபுறம், மாஸ்ஸி பெர்குசன் பெயர் தொடர்பாக சென்னையின் டாஃபே நிறுவனத்துக்கும் அமெரிக்காவின் ஆக்கோ நிறுவனத்துக்கும் இருந்த வழக்கு 2025-ஆம் ஆண்டின் நடுவில் சமரசத்தில் முடிந்து, இந்தியாவில் அப்பெயர் டாஃபேயிடமே நிலைத்துள்ளது. அந்த வண்டிகளை வைத்திருப்போருக்கு இது நிம்மதியான செய்தி. அருகிலுள்ள மெக்கானிக் எந்த வண்டியில் கை பழகியவரோ, அந்த வண்டியே பெரும்பாலும் சரியான தேர்வு.

பெயர் மாற்றாமல் கைமாறும் வழக்கம் இரு தரப்புக்கும் ஆபத்து. விற்றுவிட்ட வாகனம் விபத்தில் சிக்கினாலும், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. எனவே மார்த்தாண்டத்தில் விற்பவருக்கும் கோட்டுகாலில் வாங்குபவருக்கும் நலன் ஒன்றே: தடையில்லாச் சான்று கைக்கு வரும் வரை முழுத் தொகையும் கைமாறாமல், ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்பட வேண்டும்.