மாயக் கையும் நோயாளியின் சம்மதமும்

பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவர், அதை அசைக்க முயன்று முயன்று தோற்ற சலிப்பிலே எல்லாக் காரியங்களையும் மற்றக் கையாலேயே செய்யப் பழகிவிடுவதும், அவ்வாறு கைவிடப்பட்ட கை எஞ்சிய சக்தியையும் இழந்து மேலும் க்ஷீணிப்பதும் வைத்தியர்கள் நன்கறிந்த துயரம். இதற்குப் பரிகாரம் தேடிய பார்ஸிலோனா நகரத்து ஆராய்ச்சியாளர்கள், நோயாளியைத் திரைக்கு முன் அமர்த்தி, அங்கே தோன்றும் மாயக் கை அவருடைய உண்மையான அசைவைவிடச் சற்றுப் பெரிதாக அசையும்படி அமைத்தார்கள். தம் கை தமக்கு வசப்படுவதாகக் கண்ட நோயாளிகள் அந்தக் கையையே மிகுதியாக உபயோகிக்கத் தலைப்பட்டார்கள்.

இது வஞ்சனையா, வைத்தியமா என்ற கேள்வியை அலட்சியமாகக் கடந்துவிடலாகாது. காட்சி மிகைப்படுத்தப்படுகிறது என்பதை முன்னரே அறிந்து இணங்கியவருக்கு அது சிகிச்சை. அறியாதவருக்கோ, அதனால் நன்மையே விளைந்தாலும், அவருடைய சரீரத்தைப் பற்றி அவரிடமே சொல்லப்பட்ட பொய். சொல்லிவிட்டால் பலன் குறையுமே என்பாரும் உண்டு. குறையினும் சொல்லவே வேண்டும். ஏனெனில் அந்தப் பிரமையை நம்பி வீட்டுப் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றப்போகிறவர் அவரேயன்றி நாமல்லோம்.

ஆனால் யாரிடம் சொல்வது? மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் பலர் பேச்சையும், சிலர் பிறர் பேச்சை உணரும் ஆற்றலையும் இழந்திருக்க, அவசரத்தில் நீட்டப்படும் படிவத்திலே மகனோ மனைவியோ இடும் கையெழுத்தே சம்மதமாகிவிடுகிறது. படங்களைக் காட்டி, சிறு சிறு வாக்கியங்களில் நிதானமாக விளக்கி, தலையசைப்புக்குக் காத்திருந்து, ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்க வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதையே மறுப்பாக ஏற்க வேண்டும். இதற்குப் பொழுது செல்லும், செல்லட்டும்.

யந்திரத்தின் மதிப்பையும் உள்ளபடி கூறுவது கடமை. டொராண்டோவின் குஸ்டாவோ ஸபோஸ்னிக் தலைமையில், கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய நாடுகளில் 141 நோயாளிகளிடம் நிகழ்ந்து 2016இல் வெளியான பரிசோதனையில், நின்டெண்டோ வீ என்னும் திரை விளையாட்டில் பயின்றவர்களும், சீட்டாட்டம் போன்ற எளிய பொழுதுபோக்கில் பயின்றவர்களும் கைத்திறனில் ஏறக்குறைய ஒரே அளவே தேறினார்கள். 2025இல் 190 பரிசோதனைகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுத் தொகுப்பமைப்பின் ஆய்வு, இவ்வாறு திரையின் மாயக் காட்சியால் பயிற்றும் மெய்நிகர் முறைக்குச் சிறிதளவு அனுகூலம் உண்டென்று கண்டது. அந்தச் சிறு அனுகூலத்தை நாடிக் கருவி வாங்கும் மருத்துவமனை, செலவை ஈடுகட்ட இயன்முறை மருத்துவரின் நேரத்தைக் குறைக்குமாயின், நோயாளி அடைவது நஷ்டமே. கருவி வந்த பிறகும் அந்த மருத்துவர் நாள்தோறும் எவ்வளவு நேரம் நோயாளியின் அருகில் இருப்பார் என்பது அந்தச் சம்மதப் படிவத்திலேயே எழுதப்பட வேண்டும்.