பின்பக்கத்து வரவு

ராயபுரம் என்றதும் குற்றக்கதை எழுதுகிறவர்களுக்கு நினைவில் வருவது ஆளவந்தார் கொலைதான். 1952 ஆகஸ்ட் 28 அன்று செமிட்டரி ரோட்டில் ஒரு வீட்டுக்குள் போனவர் திரும்பி வரவில்லை. மறுநாள் போட் மெயிலில், மானாமதுரையில், நாற்றமடித்த ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் உள்ளே தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர் 1953இல் அந்த வீட்டுத் தம்பதியில் கணவருக்கு ஏழாண்டும் மனைவிக்கு மூன்றாண்டும் சிறைத் தண்டனை விதித்தார். இத்தனை வருடமாக இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் பெட்டியைத்தான் திறக்கிறார்கள். ஆளவந்தார் சைனா பஜாரில் பேனாவும் பிளாஸ்டிக் சாமானும் விற்றதோடு தவணைக்குச் சேலையும் கொடுத்துவந்தார் என்பது பாதி வரியில் கடந்துபோகிறது. தவணைப் பாக்கிதான் கொலைக்குக் காரணம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஒரு வெளியாள் வாரக்கணக்கில் ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்க முடிகிறது என்றால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. அந்த நோட்டைப் படிக்கிற எழுத்தாளர் நமக்கு வேண்டும்.

அடுத்த இதழை வரலாற்றுக் குற்றப்புனைவுக்கு ஒதுக்குகிறோம். களம் ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை. பொருள் கடனும் வாரிசும். இந்த இரண்டையும் சேர்த்து ஏன் கேட்கிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

தகப்பன் பட்ட கடனைப் பிள்ளை அடைப்பது புண்ணியக் கடமை என்று இந்துச் சட்டம் நெடுங்காலம் வைத்திருந்தது. நீதிமன்றங்கள் குடும்பச் சொத்தில் அவன் பங்கு அளவுக்கு அந்தப் பொறுப்பைச் சுருக்கின. ஆனாலும் 2005இல் வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்படும்வரை அது உயிரோடுதான் இருந்தது. அதற்கு முன்பு வாங்கிய பழைய கடன்களைத் திருத்தம் தொடவில்லை. மகன் தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. அந்தப் பணத்தை அப்பா சூதுக்கோ, வேறு ஒழுக்கக்கேட்டுக்கோ வாங்கினார் என்று மகனே நிரூபிக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள்: வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் செத்துப்போன அப்பாவைக் கோர்ட்டில் நிறுத்தி மானத்தை வாங்க வேண்டும். சாட்சிக் கூண்டில் அம்மா ஏற வேண்டிவரலாம். உண்மையைச் சொன்னால் வீடு போகும், பொய் சொன்னால் அப்பா பேர் போகும் என்கிற நிலையில் அவள் என்ன சொல்லுவாள்? ஒரு நாவலுக்கு இதைவிடக் கூர்மையான முடிச்சை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

புரோநோட்டு என்ற காகிதத்தையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். முன்பக்கம் ரெவின்யூ ஸ்டாம்பு, அதன்மேல் குறுக்கே கையெழுத்து. மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் அது காலாவதி. அதனால் கெடு முடியுமுன் கடன்காரரிடம் பத்தோ நூறோ வாங்கி, பின்பக்கம் வரவு எழுதி, கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அந்தத் தேதியிலிருந்து இன்னொரு மூன்று வருடம் கிடைக்கும். கையெழுத்துப் போட்டவர் இறந்தபின் பின்பக்கத்தில் ஒரு வரவு முளைத்தால்? பேனா மையின் நிறம், தள்ளாத கையின் நடுக்கம், அன்றைக்கு அவர் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாரா என்ற கேள்வி. கத்தி எடுக்காமலே கொலைக்குச் சமமான காரியம் அந்தப் பின்பக்கத்தில் நடக்கும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த கோர்ட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். சேக்கிழார் சொல்லும் சுந்தரர் கதை பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலையில்தான் தொடங்குகிறது. கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, உன் பாட்டன் தன்னையும் தன் வழியினரையும் எனக்கு அடிமையென எழுதித் தந்திருக்கிறான் என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். அது நகல்தான், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். சபையார் பாட்டன் கைப்பட எழுதிய வேறொரு ஓலையைக் காப்பகத்திலிருந்து எடுத்து எழுத்தோடு எழுத்தை ஒப்பிடுகிறார்கள். அதே சுந்தரர் பின்னர் நம் திருவொற்றியூரில், உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து, அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் இழக்கிறார். பாட்டன் எழுத்துக்குப் பேரன் கட்டுப்படுகிறான். தன் வாய்ச்சொல்லுக்கு அவனே கட்டுப்படவில்லை. பக்தியை மதித்துக்கொண்டே இதை வழக்காகவும் படிக்கலாம்.

துறைமுகப் பக்கம் பணம் பெரிய அளவில் செத்த நாளும் உண்டு. 1906 அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. விதவைகள், பென்ஷன்காரர்கள் போட்டுவைத்த பணம் போயிற்று. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் பெற்றார். அந்தச் சாம்பலிலிருந்துதான் அடுத்த ஆண்டு வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியில் இந்தியன் வங்கி பிறந்தது. வங்கியின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. தன் பேரிலிருந்த பணம் போன செய்தியை மருமகளிடம் மறைத்த மாமியாரின் வரலாறு எழுதப்படவில்லை. அதைப் புனைவுதான் எழுத முடியும்.

சினிமா வடசென்னைக்கு ஒரு கத்தியைக் கொடுத்து உட்கார்த்திவைத்துவிட்டது. இந்த மண்ணில் ரத்தம் சிந்தியதில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் காசிமேட்டில் படகுக்கும் வலைக்கும் முன்பணம் தந்த ஏலக்காரர் கையில்தான் பிடித்துவந்த மீனைப் போட வேண்டும் என்ற கட்டு இருக்கிறதே, அப்பன் காலமானதும் அது படகோடு சேர்ந்து மகன் கைக்கு வருகிறதே, அதற்குள் எத்தனை துரோகமும் எத்தனை விசுவாசமும் இருக்கின்றன! அண்ணன் கடனை ஏற்றுக்கொண்டு ஆலை வேலைக்குப் போன தம்பி, தண்டல்காரர் வரும் நேரம் பார்த்துக் கோயிலுக்குக் கிளம்புகிற அம்மா, தன் பங்கை விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டுப் பிறகு வில்லங்கம் போட்டுப் பார்க்கிற அக்கா. தமிழ்நாட்டில் 1989இல்தான் மகளுக்கும் பூர்விகச் சொத்தில் சமபங்கு வந்தது. அதற்கு முன்பே கட்டிக்கொடுத்தவர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. 2005 வரை ஒரே வீட்டில் ஒரு தங்கைக்கு உண்டு, அக்காளுக்கு இல்லை என்றிருந்தது. சந்தேகப்படும்படியான ஒரு சாவுக்கு இது போதாதா?

வரும் கதைகளில் காலம் பிசகக் கூடாது. 1914 செப்டம்பரில் எம்டன் குண்டு போட்ட இரவில் எண்ணெய்த் தொட்டி எரிந்ததைக் காட்டினால், அன்றைக்கு வட்டி எப்படி வசூலானது என்பதும் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். துப்பறிகிறவர் போலீஸாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பத்திரம் எழுதுகிறவரோ அடகுக்கடைக் கணக்குப்பிள்ளையோ போதும். பழைய புரோநோட்டு, ஒத்திப் பத்திரம், பாகப்பிரிவினைக் காகிதம் வைத்திருக்கும் வாசகர்கள் பெயர்களை மறைத்து நகல் அனுப்பலாம். எழுத முன்வருகிறவர்களுக்கு அவற்றைப் படிக்கக் கொடுப்போம்.