நூறு காட்டும் பற்றரி

கடலுக்குப் போகும் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் பருத்தித்துறையிலுள்ள என் கடைக்குத் திரும்பி வந்தார். பாவித்த ஐபோன் ஒன்றை என்னிடம்தான் வாங்கியிருந்தார். "நானா, வெளிக்கிடேக்க நூறு எண்டுதான் காட்டுது. விடிய முன்னம் கடலில நிண்டு போகுது" என்றார். போன் பொய் சொல்லவில்லை. பிழை என்னுடையது. விற்கும்போது அந்த நூறை மட்டுமே காட்டியிருந்தேன்.

கொத்தால் அரிசி அளந்த நமக்கு இது விளங்காத விடயமல்ல. கொத்து நிறைந்திருக்கிறதா என்பது ஒரு கேள்வி. கொத்தே சரியான அளவா என்பது வேறு கேள்வி. திரையின் மூலையில் நிற்கும் வீதம் முதற் கேள்விக்கு மட்டுமே பதில். பற்றரி தேயத் தேயக் கொத்து சிறுக்கும். சிறுத்த கொத்து நிறைந்தாலும் நூறுதான். மற்றக் கேள்விக்கான பதிலை அமைப்புகளுக்குள் போய்ப் பற்றரி நலம் என்ற இடத்தில் பார்க்க வேண்டும். ஐபோன் 14 வரையானவை 500 முழுச் சுற்றுகளுக்குப் பின்னரும், 15 முதல் வந்தவை 1000 சுற்றுகளுக்குப் பின்னரும், நல்ல பாவனையில் 80 வீதக் கொள்ளளவை வைத்திருக்கும் என்பது ஆப்பிளின் கணக்கு. பாதி பாதியாக இரண்டு நாள் செலவழித்தால் அது ஒரு சுற்று.

80 வீதத்துடன் சார்ஜை நிறுத்தும் வசதி 2023 இல் ஐபோன் 15 உடன் வந்தது. சாம்சங்கிலும் உண்டு. லித்தியம் பற்றரி நிறைந்த நிலையில், அதுவும் சூட்டோடு, நெடுநேரம் இருந்தால் விரைவாகத் தேயும். அதனால்தான் இந்த எல்லை. என் மகன் 81 ஐக் கண்டாலே வயரைக் கழற்றுகிறான்! கடையில் பிளக்குக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு 80 போதும். கடலுக்குப் போகிறவர் நூறாக்கிக்கொண்டு போகட்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது யார் 80 உடன் நிறுத்தினோம்? நிறைத்ததில் தவறில்லை. நிறைந்த பின்னும் இரவு முழுக்கத் தலையணைக்குக் கீழே சூடேற விடுவதுதான் கேடு.

எல்லை போட்ட போன் சில நாட்களில் தானாகவே நூறுக்குப் போகிறதென்று பழுதுபார்க்கக் கொண்டு வருகிறார்கள். அது பழுதல்ல. வீதம் என்பது தராசில் நிறுத்த நிறையல்ல, போன் போடும் மதிப்பீடு. நாம் இருப்பெடுத்துப் பேரேட்டைச் சரிபார்ப்பதுபோல அதுவும் இடைக்கிடை நிறைத்துப் பார்த்துக் கணக்கைத் திருத்துகிறது.

பற்றரி நல எண்ணையும் மாற்றி எழுதும் கருவிகள் சந்தையில் இருக்கின்றன. ஆகவே பாவித்த போன் விற்கும் நம்மவர்கள் அந்த எண்ணோடு, பற்றரி மாற்றப்பட்டதா என்பதையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்த இளைஞருக்கு என் செலவில் புதுப் பற்றரி போட்டுக் கொடுத்தேன். இப்போது ஒவ்வொரு போனிலும் எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறேன். 76 என்று ஒட்டிய ஒன்று மூன்று கிழமையாகக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.