சொந்தத் தொழிலும் பதினாறு மணி நேரமும்

சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று வீட்டில் வாயைத் திறக்கும் எந்தப் பையனும் அடுத்ததாகச் சொல்வது ஒரே வாக்கியம்தான். "ராத்திரி பகல் பார்க்காம உழைப்பேன்." அப்பா உடனே முதல் எவ்வளவு என்று கேட்பார். அம்மா, பேசாமல் பேங்க் பரீட்சை எழுதக் கூடாதா என்பார். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், அது எத்தனை மாதம், அந்த நேரத்துக்கு என்ன கிடைக்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. முதலுக்கு நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள்கூட நேரத்துக்கு எழுதுவதில்லை. கிணற்றுத் தண்ணீர் மாதிரி இறைக்க இறைக்க ஊறும் என்று ஒரு நினைப்பு!

பேப்பரைத் திறந்தாலும் இதே பாட்டுதான். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 மணி நேரம் என்று ஏலத்தை இன்னும் ஏற்றிவிட்டார். இரண்டு தடவையும் நாடே சண்டை போட்டது. அந்தச் சண்டை இங்கே வேண்டாம். ஆனால் அதில் ஒரு குழப்பம் இருந்தது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருடைய ஒரு மணி நேரமும், சொந்தக் கடை போட்டவருடைய ஒரு மணி நேரமும் ஒரே சரக்கு இல்லை. 1981-ல் இன்ஃபோசிஸைத் தொடங்கிய ஏழு பேரும் எத்தனை மணி நேரம் உழைத்திருந்தாலும், அதன் பலன் அவர்கள் கையிலிருந்த பங்குகளில் போய்ச் சேர்ந்தது. சம்பளக்காரருக்கு மாதக் கடைசியில் சம்பளம் வருவதோடு சரி. ஆகவே முதலாளிக்கு அதிக நேரம் உழைக்கக் காரணம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எவ்வளவு அதிகம் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு பி.காம். முதல் வருடப் பாடத்திலேயே பாதி விடை இருக்கிறது. தனி உரிமையாளர் தனக்குத்தானே சம்பளம் போட்டுக்கொள்ள முடியாது. அவர் கல்லாவிலிருந்து எடுப்பது டிராயிங்ஸ், முதலில் கழியும். லாப நட்டக் கணக்கில் செலவுப் பக்கம் வராது. பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்துவிட்டு எல்லோரும் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் இதன் விளைவு என்ன தெரியுமா? கடைக்கு வாடகை உண்டு, கரண்டுக்குப் பில் உண்டு, வேலைக்காரப் பையனுக்குக் கூலி உண்டு. உரிமையாளரின் உழைப்புக்கு மட்டும் கணக்கில் விலை பூஜ்யம். விலை பூஜ்யம் என்றால் எந்தப் பொருளையும் மனிதன் வாரி இறைக்கத்தான் செய்வான்.

ஒரு பேச்சுக்கு ஒரு டீக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 5 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்குச் சாத்துகிறார். 16 மணி நேரம், லீவே கிடையாது, மாதத்துக்கு 480 மணி. பால், டீத்தூள், சிலிண்டர், வாடகை எல்லாம் போக 24,000 ரூபாய் நிற்கிறது. "லாபம் இருபத்து நாலாயிரம்" என்று பெருமையாகச் சொல்கிறார். வகுத்துப் பாருங்கள், மணிக்கு 50 ரூபாய். சாயங்காலம் 4 மணியிலிருந்து 9 மணி வரை அவர் வீட்டம்மா வந்து வடை போடுகிறார், கிளாஸ் கழுவுகிறார். அதையும் சேர்த்தால் 630 மணி. மணிக்கு 38 ரூபாய். இப்போது இன்னொன்று. அவருக்கு உடம்பு சரியில்லை, ஒரு மாதம் கடைக்கு வர முடியாது என்று வையுங்கள். இரண்டு ஷிப்டுக்கு இரண்டு டீ மாஸ்டர், ஆளுக்கு நாளைக்கு 700 ரூபாய் என்றால் மாதத்துக்கு 42,000. லாபம் என்று சொன்ன 24,000 எங்கே போயிற்று? கடை 18,000 ரூபாய் நஷ்டத்தில் நிற்கிறது. அது இத்தனை நாளும் நஷ்டத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நஷ்டத்தை அவருடைய முதுகும் அந்த அம்மாவின் முதுகும் தாங்கிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். எகனாமிக்ஸ் வகுப்பில் வாய்ப்புச் செலவு, வாய்ப்புச் செலவு என்று தூக்கம் வருகிற மாதிரி நடத்துவார்களே, அது இதுதான்.

இன்னொரு வேடிக்கை. அதே கடையில் சம்பளத்துக்கு ஒரு பையனை வைத்தால், 1947-ம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி அவனுக்குச் சாதாரணமாக நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை. (நடைமுறையில் இது எத்தனை கடையில் நடக்கிறது என்பது தனிக் கதை.) முதலாளிக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. தனக்கு வேலி தானே போட்டுக்கொண்டால்தான் உண்டு.

உடனே ஒருவர் கேட்பார்: டீக்கடையை எட்டு மணி நேரம் திறந்தால் எவன் வருவான்? நியாயமான கேள்வி. சில தொழில்களில் நேரத்தை முடிவு செய்வது வாடிக்கையாளர்தான். விடியற்காலை பாக்கெட் போடாத பால்காரரிடம் யாரும் பால் வாங்கமாட்டார்கள். பூக்கடை, இட்லி மாவு, மெஸ் எல்லாம் அப்படியே. இங்கே "எத்தனை மணி நேரம்" என்று கேட்பதைவிட "எந்த மணி நேரம்" என்று கேட்பது உருப்படியான கேள்வி. காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடையைப் பாருங்கள். காலை 9 மணிக்குத் தள்ளுமுள்ளு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கூட்டம். அசைன்மென்ட் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் திருவிழா. மீதி நேரமெல்லாம் ஈ ஓட்டுவதுதான். ஈ ஓட்டுகிற நேரத்தையும் சேர்த்து "பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறேன்" என்று சொல்வதில்தான் ஏமாற்று இருக்கிறது. பிறரை ஏமாற்றுவதல்ல, தன்னைத்தானே. இரண்டு வாரம் ஒரு நோட்டில் மணிவாரியாக எத்தனை ரூபாய்க்கு வியாபாரம் என்று எழுதினால் போதும், எந்த நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று தெரிந்துவிடும்.

எதிர்ப்பக்கம் இன்னொரு வாதம் உண்டு. வேலையை விட்டுவிட்டு முழுசாக இறங்காதவன் உருப்பட மாட்டான், இரண்டு படகில் கால் வைக்காதே என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கர்சன்பாய் படேலின் கதை வேறு மாதிரி சொல்கிறது. நிர்மா சலவைத்தூள் தொடங்கியவர். 1969-ல் அவர் குஜராத் அரசின் சுரங்க, புவியியல் துறையில் ஆய்வகப் பணியாளர். பட்டப்படிப்பில் வேதியியல். ஆபீஸ் முடிந்து வந்து அகமதாபாத்தில் வீட்டுக் கொல்லையில் தூளைக் கலப்பார். பாக்கெட் போட்டு சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஆபீஸ் போகிற வழியில் வீடு வீடாக விற்பார். சர்ஃப் விலைக்குப் பக்கத்தில்கூட வராத மலிவு விலை. இப்படியே சுமார் மூன்று வருடம் போன பிறகுதான் அரசு வேலையை விட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், நேரம் குறைவாக இருந்ததே அவருக்கு உதவியாகவும் இருந்தது. ஆபீஸ் போகிற வழியில் விற்கிறவருக்குக் கடை வாடகை இல்லை. நாலு ஊர் சுற்ற நேரமில்லாததால், ஒரே தெரு ஆட்களிடம் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருந்தது. தூள் சரியில்லை என்றால் மறுநாளே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள். அதைவிட முக்கியமானது, மாதச் சம்பளம் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டது. சாப்பாட்டுக்காக விலையை ஏற்ற வேண்டிய அவசியம் வியாபாரத்துக்கு வரவில்லை. முதல் நாளே வேலையை விட்டிருந்தால், முதல் மாதமே அந்த மலிவு விலைக்கு ஆபத்து வந்திருக்கும்.

நைக்கி கம்பெனியின் பில் நைட் இன்னும் நெருங்கிய சொந்தம், ஏனென்றால் அவர் கணக்குப்பிள்ளை ஜாதி :-) 1964-ல் தன்னுடைய பழைய பயிற்சியாளர் பில் பவர்மேனுடன் ஆளுக்கு 500 டாலர் போட்டுத் தொடங்கினார். ஜப்பானிலிருந்து ஷூ வரவழைத்து, ஓட்டப்பந்தயம் நடக்கிற மைதானங்களில் கார் டிக்கியைத் திறந்து வைத்து விற்றார். அப்போதெல்லாம் அவர் முழுநேரக் கணக்காளர். பிறகு போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் அக்கவுண்டன்சி நடத்தினார். எல்லாவற்றையும் விட்டு ஷூ வியாபாரத்துக்கே வந்தது 1969-ல். ஐந்து வருடம்! மாணவர்களுக்கு இன்னும் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் பேஸ்கேம்ப் மென்பொருள். 2004-ல் வெளிவந்த அதற்கு நிரல் எழுதிய டேவிட் ஹைனமயர் ஹான்சன் அப்போது கோபன்ஹேகனில் பிசினஸ் படித்துக்கொண்டிருந்த மாணவர். வாரத்துக்குப் பத்து மணி நேரம்தான் அவரால் ஒதுக்க முடிந்தது.

ஜெயித்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பேசுவதாகச் சொல்லலாம். சரிதான், தோற்றவர்கள் சுயசரிதை எழுதுவதில்லை. பதினாறு மணி நேரம் உழைத்து ஜெயித்தவர்களும் நிறைய இருக்கிறார்கள். ஆனால் பகுதி நேரத்தில் தொடங்கித் தோற்றவன் மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போகலாம். அப்பாவின் பி.எஃப். பணத்தையும் எடுத்துப் போட்டுவிட்டுப் பதினாறு மணி நேரம் உழைத்துத் தோற்றவனுக்கு அந்தக் காலை நேரம் எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

உடம்பு விஷயமும் இருக்கிறது. முதல் உலகப் போர் சமயத்தில் பிரிட்டனில் குண்டு தயாரிக்கும் தொழிற்சாலைகளில் வேலை நேரத்தையும் உற்பத்தியையும் குறித்து வைத்திருந்தார்கள். அந்தப் பழைய கணக்குகளை எடுத்து ஜான் பென்கவெல் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 2014-ல் ஆராய்ந்தார். வாரத்துக்குச் சுமார் 50 மணி வரை நேரம் கூடக் கூட உற்பத்தியும் கூடியது. அதற்கு மேல் வேகம் குறைந்தது. 70 மணி உழைத்தவர்கள் செய்ததும் 56 மணி உழைத்தவர்கள் செய்ததும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 14 மணி நேரம் வீண். தொழிற்சாலை வேலையும் கடை நடத்துவதும் ஒன்றல்ல, வாஸ்தவம். ஆனால் தூக்கக் கலக்கத்தில் லேத் ஓட்டுவதைவிடத் தூக்கக் கலக்கத்தில் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது பாதுகாப்பானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வு வேறு இருக்கிறது. வாரத்துக்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35% அதிகம் என்கிறது, 35 முதல் 40 மணி உழைப்பவர்களோடு ஒப்பிட்டு.

அப்படியானால் ஐம்பது மணி என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போகலாமா? எல்லாத் தொழிலுக்கும் பொதுவான எண் கிடையாது. பணத்துக்குச் செய்வதை நேரத்துக்கும் செய்யலாம். ஒரு லட்சம் வரை போடுவேன், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று முதலுக்குக் கோடு போடுகிறோம் அல்லவா? அதே மாதிரி, ஆறு மாதம், வாரத்துக்கு 60 மணி, அதற்குள் மணிக்கு இத்தனை ரூபாயாவது தேற வேண்டும் என்று தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுவது. ஆரம்பத்தில் மணிக்குப் பத்து ரூபாய்தான் வரும், அது முதலீடு, குற்றமில்லை. ஆறாவது மாதமும் அதே பத்து ரூபாய் என்றால் நேரத்தைக் கூட்டுவது வைத்தியமாகாது. விலையோ, இடமோ, சரக்கோ, எதுவோ ஒன்று தப்பு.

கூட்டாளியோடு தொடங்குகிறவர்களுக்கு இந்த எண் இன்னும் அவசரம். காலேஜ் நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து டி-ஷர்ட் பிரிண்டிங் தொடங்குகிறார்கள். ஒருவன் வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறான். இன்னொருவன் தினமும் பத்து மணி நேரம் மிஷின் பக்கத்தில் நிற்கிறான். "நமக்குள்ள என்னடா பத்திரம்" என்று ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. 1932-ம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டம் என்ன சொல்கிறது? ஒப்பந்தம் இல்லாவிட்டால் எந்தப் பங்குதாரருக்கும் உழைப்புக்குச் சம்பளம் இல்லை. லாபம் சரிபாதி. ஒருவன் தன் முதலுக்கு மேல் கூடுதலாகப் பணம் கொடுத்திருந்தால் அதற்கு மட்டும் வருடத்துக்கு 6% வட்டி உண்டு. கொடுத்த பணத்துக்கு வட்டி, கொடுத்த நேரத்துக்கு ஒன்றும் இல்லை. பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வியாக வருகிற இந்த விஷயத்தில் எத்தனையோ சினேகிதம் முறிந்திருக்கிறது. முதல் வருடம் வாய்விட்டுச் சொல்லமாட்டான், இரண்டாம் வருடம் போனை எடுக்கமாட்டான்.

பத்திரம் எழுதும்போது பெயர், முகவரி, முதல் எவ்வளவு என்று எழுதுகிற இடத்துக்குக் கீழேயே யார் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதற்குச் சம்பளம் எவ்வளவு என்று இரண்டு வரி சேர்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவன் பின்னால் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் வருவானானால் அப்போது என்ன, தினமும் நிற்கிறவனுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டால் என்ன என்பதையும் அப்போதே பேசிக்கொள்வது நல்லது. கொஞ்சம் சங்கடமான பேச்சுதான். மிஷின் வாங்குவதற்கு முன் பேசினால் ஒரு டீயோடு முடிந்துவிடும்.