நிழலை யார் அளப்பது?

திருவண்ணாமலையில் பௌர்ணமி எந்த நாள் என்று கேட்டால், ஆட்டோ ஓட்டுகிறவர் முதல் கிரிவலப் பாதையில் இளநீர் விற்கிறவர் வரை எல்லோரும் சொல்வார்கள். அவர்களுடைய மாத வருமானம் அதில்தான் இருக்கிறது. வானத்தை நம்பிப் பிழைக்கிற ஊர் இது. ஆனால் வானத்தைக் கணித்துச் சொல்கிற அதிகாரம் பஞ்சாங்கம் எழுதுகிறவர்களிடம் இருக்கிறது. மற்றவர்களுக்கு அவர்கள் குறித்துக் கொடுத்த நேரம் மட்டுமே கிடைக்கிறது.

இதை மாற்றக்கூடிய இடம் அரசுக் கலைக் கல்லூரி. தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட குடும்பங்களின் முதல் பட்டதாரிகள் வந்து சேர்கிற இடம் அது. அங்கே தொடக்கநிலை வானியலை விரிவுரையும் செய்முறையும் சேர்ந்த முழுப் பாடமாகத் தமிழில் நடத்த வேண்டும் என்பது என் கோரிக்கை.

நான் இளநிலை இயற்பியல் படித்தபோது வானியற்பியல் ஒரு விருப்பப் பாடம். விண்மீன்களின் வகைகளை மனப்பாடம் செய்து எழுதித் தேறினோம். செய்முறை கிடையாது. வகுப்பாக ஓர் இரவுகூட மொட்டை மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்ததில்லை.

கருவி இல்லை என்ற சாக்கு இதற்குப் பொருந்தாது. ஒரு மீட்டர் நீளக் குச்சியை நட்டு, டிசம்பர் முழுவதும் உச்சி வேளையில் அதன் நிழலை அளக்கச் சொல்லுங்கள். திருவண்ணாமலையின் அட்சரேகையில் டிசம்பர் 21, 22 தேதிகளில் நிழல் சுமார் 72 சென்டிமீட்டர் நீளும். அதுதான் உச்சம். அதன்பின் குறையத் தொடங்கி, ஜனவரி 14இல் சுமார் 66 சென்டிமீட்டருக்கு வந்துவிடும். அதாவது, தை முதல் நாளில் உத்தராயணம் பிறக்கிறது என்று பஞ்சாங்கம் சொல்லும்போது, சூரியன் வடக்கே திரும்பி மூன்று வாரங்களுக்கு மேல் ஆகியிருக்கும். பூமியின் அச்சு 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் திசை மாறுவதும், பஞ்சாங்கம் அதைக் கணக்கில் கொள்ளாததும்தான் காரணம். பொங்கல் உழைப்பின் விழா, அதற்கு இதனால் குறைவு ஒன்றும் இல்லை. குறைவு, கேள்வி கேட்கக் கூடாது என்று நிற்கிற கணிப்புக்குத்தான்.

2025இல் சனிப்பெயர்ச்சி என்ன ஆனது என்று நினைத்துப் பாருங்கள். திருக்கணிதப் பஞ்சாங்கம் மார்ச் 29 என்றது. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலோ அது 2026இல்தான் என்று அறிவித்தது. ஒரே கோள், ஓராண்டு வேறுபாடு. எந்தப் பஞ்சாங்கம் சரி என்று மக்கள் ஜோதிடர்களைக் கேட்டார்கள். விண்மீன் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு சனிக்கோள் எங்கே நிற்கிறது என்று தாமே பார்க்கலாம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இந்தக் காலப் பிழையை அரசின் ஆவணத்தில் ஏற்றியவர் மேக்நாத் சாகா. 1952இல் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவர். மரபான நாட்காட்டிகள் பருவங்களிலிருந்து 23 நாட்கள் விலகிவிட்டதாக அக்குழுவின் 1955 அறிக்கை காட்டியது. 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டி அதன் விளைவு. 1893இல் டாக்கா அருகே ஒரு சிற்றூரில், தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர் சாகா. கல்கத்தா கல்லூரி விடுதியில் ஆதிக்கச் சாதி மாணவர்கள் அவரோடு ஒன்றாக உட்கார்ந்து உண்ண மறுத்தார்கள். அவர் 1920இல் தந்த அயனியாக்கச் சமன்பாடுதான், விண்மீன்களின் நிறமாலைகள் வேறுபடுவதற்கு முதன்மைக் காரணம் அவற்றின் வெப்பநிலை என்று விளக்கியது. இன்று உலகில் எந்தக் கல்லூரியில் விண்மீன் இயற்பியல் படித்தாலும் சாகாவைத் தாண்டிப் போக முடியாது.

நம் கல்லூரி ஆய்வகங்களில் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறது. சோடியம் விளக்கின் இரு மஞ்சள் கோடுகளை, 589.0, 589.6 நானோமீட்டர் என்று, ஆண்டுதோறும் மாணவர்கள் அளக்கிறார்கள். அதே கருவியைப் பகல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பிளவைக் குறுக்கினால், அதே இடத்தில் இரு கருங்கோடுகள் தெரியும். சூரியனில் சோடியம் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அளந்தவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்பதால் அந்த எண் மாறாது.

ஆனால் அறிவியல் படித்தால் சாதி தானாகப் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. ராக்கெட் ஏவும் முன் அதன் மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோகிற விஞ்ஞானிகளின் நாடு இது. சாகாவை ஒதுக்கியவர்களும் கல்லூரி மாணவர்கள்தாம். கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக விரும்பிய ரோஹித் வெமுலாவை 2016இல் நாம் இழந்தது ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில். ஆய்வகத்துக்குள்ளும் சாதி இருக்கிறது. அளக்கிற கை யாருடையது, பதிவேட்டில் எழுதி மட்டும் வைக்கிற கை யாருடையது என்பதில் அது தெரியும். ஆகவே செய்முறைக் குழுக்களைப் பிரிப்பதிலும் விடுதியிலும் மதிப்பெண்ணிலும் கண்காணிப்பு வேண்டும். அதற்காக ஆய்வகத்தை அவர்களிடமே விட்டுவிட முடியாது.

இதே மாவட்டத்தின் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய 2023 ஜனவரி 30 வரை ஆனது, அதுவும் காவல்துறைப் பாதுகாப்போடு. அந்த உரிமைக்காக நின்ற நாம், அறிவின் வாசலுக்கும் அதே உறுதியோடு நிற்க வேண்டும். ஜவ்வாது மலையில், பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்தில், காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே உள்ளது. யுரேனஸின் வளையங்கள் 1977இல் கண்டறியப்பட்டபோது அங்கிருந்தும் பதிவு செய்தார்கள். அதே மலைத்தொடரில் வாழ்கிற மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே ஆய்வாளர்களாக அமர்ந்திருக்கிறார்கள் என்று நாம் கேட்க வேண்டும்.

கோரிக்கைகள் எளிமையானவை. ஒவ்வோர் அரசுக் கல்லூரியிலும் செய்முறைத் தேர்வோடு கூடிய வானியல் பாடம், தமிழில் ஒரு நல்ல பாடநூல், ஆண்டுக்கு ஒருமுறை காவலூருக்கு ஒரு பேருந்து. மாணவர் அமைப்புகள் அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தின்போது இவற்றைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கொடுக்கட்டும். அனுமதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வருகிற டிசம்பரில் கல்லூரி வளாகத்தில் ஒரு குச்சியை நட்டுவிடலாம்.